குட்டிக்கு ரெண்டு தடவை மருந்து

என்னங்க,

இது பேச்சு இல்ல, எழுத்து. நம்ம சண்டை சண்டையாவே இருக்கட்டும். உங்க ஃபோன் சமையலறையில சார்ஜில கிடக்கு, அதனால அதுக்கு அடியிலேயே இதை வெச்சுட்டுப் போறேன்.

மத்தியானம் மூணு ஆட்டுக்கும் குடற்புழு மருந்து கொடுத்தேன். சிரிஞ்சைக் கழுவ வந்தப்பதான், இன்னொரு சிரிஞ்சும் ஜன்னல்ல கழுவி வெச்சிருந்ததைப் பார்த்தேன். காலையில நீங்களும் கொடுத்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சரி, நானும்தான் கேட்டிருக்கலாம்.

பெரியவளும் கறுப்பியும் நிம்மதியா அசை போடுதுங்க. குட்டிதான் நிக்க முடியாம நடுங்குது, வாயில நுரை வருது. போர்வையில சுத்தி டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போறேன். மருந்து பாட்டிலும் என்கிட்டதான் இருக்கு. "மொத்தம் எவ்வளவு உள்ள போயிருக்கு?"ன்னு டாக்டர் ஃபோன்ல கேட்டார். நான் கொடுத்ததை மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது.

கொட்டகை சாவி வாளிக்குள்ள இருக்கு. மத்த ரெண்டையும் பார்த்துக்கிட்டே இருங்க, தள்ளாடினா உடனே கூப்பிடுங்க. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.

பி.கு.: நீங்க கொடுக்கவே இல்லைன்னாலும் சொல்லுங்க. அப்போ குட்டிக்கு வேற என்னமோ ஆயிருக்கு. அதை நினைச்சா இன்னும் பயமா இருக்கு.

இப்போ குட்டி கத்தக்கூட இல்ல. வந்ததும் ஃபோன் பண்ணுங்க. யார் முதல்ல பேசறதுங்கற வீம்பெல்லாம் வேணாம், எடுத்ததும் நானே பேசறேன்.