விழாமலே கற்கலாம்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் மகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். காதை மூடிக்கொள்ளுங்கள். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்று தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அதற்குப் பதில் கடைசியில் வருகிறது. முதலில் நம் ஸ்கேட்டிங் பள்ளி விஷயம்.

ஆள் சேர்க்க நான் படாத பாடில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினேன். ஒரு தலைமை ஆசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு ஐஸ் எங்கேம்மா வச்சிருக்கீங்க?" என்றார். ஐஸ் வேண்டாம் ஐயா, ஷூவுக்குக் கீழே ஒரே வரிசையில் நாலு சக்கரம், சிமெண்ட் தரை போதும் என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிட்டது.

அப்போதுதான் உங்கள் அண்ணன் உதவிக்கு வந்தார். கையில் அச்சகம் இருக்கிறதே, யாரும் கேட்காமலே ஒரு பேனர் அடித்து வந்து நம் வாடகைக் கூடத்து வாசலில் கட்டியும் விட்டார். ஆள் உயரத்துக்கு ஒரு ஷூ, அதன் கீழே கொட்டை எழுத்தில் "விழாமலே ஸ்கேட்டிங் கற்கலாம்!" நம் பள்ளியில் முதல் பாடமே விழுவதுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளாவது உள்ளே வந்து பார்த்திருந்தால்தானே. ஆசையாகச் செய்த மனுஷரிடம் அவிழ்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூட்டம் வந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. வாசலில் அவ்வளவு செருப்பை நான் பார்த்ததே இல்லை. உங்கள் சிஷ்யன், நம் ஒல்லி, வழக்கம்போல எல்லாப் பிள்ளைகளையும் பாயில் நிறுத்தி, முட்டியை மடக்கி முன்னால் சாய், முதலில் முட்டி, அப்புறம் முழங்கை, அப்புறம் உள்ளங்கை என்று நீங்கள் சொல்லித்தந்த அதே முறையில் ஆரம்பித்தான். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. தொப்புத் தொப்பென்று விழுந்து சிரித்தார்கள். பெற்றவர்கள் முகம்தான் சுருங்கிப்போனது. ஓர் அம்மா நேரே என்னிடம் வந்து, "விழாம கத்துக்கலாம்னு வாசல்ல போட்டுட்டு, மொத நாளே எம்புள்ளைய விழ வைக்கிறீங்களே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. பிறகு மீதிப் பேரும் நின்றுவிட்டார்கள்.

பேனரை மாற்றலாம் என்றேன். உங்கள் அண்ணன் பாடத்தை மாற்றச் சொன்னார். விழுகிற பாடத்தைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டு, கையைப் பிடித்து ஓட்டிவிட்டால் கூட்டம் திரும்ப வரும் என்பது அவர் யோசனை. ஒல்லி ஒரே பிடிவாதமாக மாட்டேன் என்றுவிட்டான். "விழச் சொல்லித் தராம ஒரு புள்ளைக்கும் சக்கரத்த மாட்ட மாட்டேன் அண்ணி. கைய ஊனி மணிக்கட்ட ஒடச்சிக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரியானதைத்தான் செய்தோம், பள்ளி ஊத்திக்கொண்டது.

பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த நம் வாத்தியாரம்மா ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சொல்லிக்கொள்ள வந்தவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

ஒல்லி மட்டும் சாயங்காலம் ஆனால் டாண் என்று வந்து கூடத்தைத் திறந்து பெருக்குவான். யாரும் போடாத ஷூக்களின் சக்கரத்தைக் கழற்றித் துடைத்து மாட்டுவான். நம் மகள் ஒருத்திதான் மாணவி, அவளுக்கும் சலித்துவிட்டது. அவன் முட்டிக்குத் தைலம் நான்தான் வாங்கி வைக்கிறேன். இரண்டு வேளைச் சாப்பாடும் நம் வீட்டில்தான். நீங்கள் வருகிற வரைக்கும் அவனைப் பிடித்து வைப்பதுதான் என் வேலை என்று இருந்தேன். அவன் இருந்தால் பள்ளி இருக்கிறது, பள்ளி இருந்தால் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று ஒரு நினைப்பு.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அங்கே இன்னொரு பயிற்சியாளர் தேவைப்படுகிறது, ஒல்லியை அனுப்பி வை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊர்க் கூடத்தின் மரத்தரை எப்படிப் பளபளக்கிறது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருஷப் பயிற்சி, முடிந்ததும் ஓடி வந்துவிடுவேன் என்றுதானே போனீர்கள்? எப்போது வருகிறீர்கள் என்று ஒரு வரி இருக்கிறதா எனத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கடிதத்தை ஒல்லியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். கையிலிருந்த ஷூவின் சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். அது நிற்கிற வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அண்ணன் திரும்பி வர்றதா இருந்தா என்னை எதுக்கு அண்ணி அங்க கூப்பிடுறாரு?"

வேலையைப் பாருடா என்று அதட்டிவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

அவன் போகமாட்டேன் என்றுதான் சொன்னான். நான்தான் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தேன். அவனுக்கு வயசு இருக்கிறது, காலில் தெம்பு இருக்கிறது. காலிக் கூடத்தைப் பெருக்கிக்கொண்டு கிடக்க அவன் என்ன பாவம் பண்ணினான்? எனக்குக் கோபம் உங்கள் மேல்தான், அவன் மேல் இல்லை. அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கூடத்தின் சொந்தக்காரர் சோபா அடுக்கி வைக்க இடம் கேட்டுக்கொண்டிருந்தார், சரி என்று சொல்லிவிட்டேன். பேனரை அவிழ்த்து, ஷூக்களையெல்லாம் அதில் சுற்றிக் கட்டிப் பரணில் போட்டாயிற்று. உங்கள் அண்ணன்தான் தூக்கிக் கொடுத்தார்.

ஒல்லி வந்து இறங்கும்போது விமான நிலையத்துக்கு நீங்களே போய் நில்லுங்கள், வேறு யாரையும் அனுப்பாதீர்கள். கேட்டால்தான் சாப்பிடுவான், அதனால் தினமும் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். தைலம் இரண்டு பாட்டில் கொடுத்து விடுகிறேன். ஒன்று உங்கள் முட்டிக்கு.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருங்கள். நம் வீட்டுச் சாவி மீட்டர் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. இடத்தை மாற்றவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்