அண்ணனின் கஞ்சா இலைகள்

மே 11, ஞாயிறு

அண்ணன் தன் அறையில் ஒளித்து வளர்க்கும் கஞ்சாச் செடிகளின் இலைகள் நுனி கருகி, நகம்போல் கீழே வளைந்துவிட்டன. "நீதானே பயோலொஜி படிச்சனி, என்ன வருத்தமெண்டு பாரன்" என்றான். மண்ணை முகர்ந்தேன். மீன் நாற்றம். பூச்செடி என்று அவன் சொன்னதை நம்பி, கறிவேப்பிலைக்கு ஊற்றுவதுபோல அம்மா தினமும் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றியிருக்கிறார். உரம் மிஞ்சிவிட்டது.

"அம்மாவுக்கு விசரே!" என்று கத்தினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வீடு அம்மாட பேரில கிடக்கு. பொலிஸ் வந்தா ஆரைப் பிடிப்பாங்கள்? எல்லாத்தையும் பிடுங்கி எறி."

சிரிக்கிறான், எருமை.

சத்தம் கேட்டு வந்த அம்மா, "பூக்கண்டு தப்புமே பிள்ளை? என்ர பிழைதான்" என்றார். கண் கலங்கியிருந்தது.

"நல்ல தண்ணி விட்டு மண்ணைக் கழுவினாத் தப்பும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.