3186-ஆம் நம்பர் மெடல்

12-9-46, வியாழன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு ஓடிவிட்டது.

இது இப்படித்தான் ஆகும் என்று முன்னாடியே சொன்னவன் நான். தங்கச்சி சவரியம்மாளிடம் சொன்னேன், அவள் புருஷனிடம் சொன்னேன். கேட்டால்தானே! தாய்மாமன் நான் இதே அரியலூரில் குத்துக்கல்லாக இருக்க, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ரோசலிக்கு வரதராஜன்பேட்டையில் மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பன் சின்னப்பன் பழைய பட்டாளத்துக்காரராம். பதினாலாம் வருஷத்து ஜெர்மன் சண்டையில் பஸ்ரா வரை போனாராம். மெடல் இருக்கிறதாம்.

நேற்று நிச்சயத்துக்கு அதைக் குத்திக்கொண்டுதான் வந்தார். பந்தி முடியும்வரை பஸ்ரா, வெயில், காய்ச்சல் என்று ஒரே புராணம். "கொஞ்சம் குடுங்க, ராசா மொகத்த பாக்குறேன்" என்று வாங்கினேன். ராஜா முகம் யாருக்கு வேண்டும்? கொல்லைப்பக்கம் போய் விளிம்பில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். பொடிப்பொடி இங்கிலீஷ் எழுத்து. நம்பர் 3186. சாப்பர் பட்டாளம், பாலம் போட்டுப் பள்ளம் தோண்டுகிற கூட்டம். பெயர் ஆரோக்கியசாமி.

சின்னப்பன் எங்கே, ஆரோக்கியசாமி எங்கே! எவனோ செத்தவன் மெடல். மச்சான் பள்ளிக்கூட வாத்தியார், பெரிய பேர். திருப்பிப் பார்க்கத் தோன்றியதா? நான் மூன்றாம் பாரம் பாதிதான். படிப்பு வேறு, மூளை வேறு.

13-9-46, வெள்ளி

செய்ய வேண்டியவை: செருப்புக்கு வார். மூக்குப்பொடி. தா. ஆபீஸ்.

வார் வாங்கவில்லை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவிடம் காகிதத்தைக் காட்டினேன். நம்பர் என்பது வீரத்தில் எத்தனையாவது ஆள் என்ற கணக்கு, இவருக்கு முன்னால் 3185 பேர் நிற்கிறார்கள் என்று விளக்கினேன். சிரிக்கிறான். அவனும் அவன் பல்லும்.

"அதில்லண்ணே. அது ஆளோட நம்பரு. பட்டாளத்துல சேந்த அன்னிக்கு குடுக்குறது. வேப்பந்தட்டையில மாணிக்கம்னு ஒரு ஹவில்தார் இருக்காரு. அதே சாப்பர், பஸ்ரா போனவரு. அவர போயி கேளுங்க."

எனக்குத் தெரிந்ததுதான். அவன் வாயால் வரட்டும் என்று விட்டுப் பிடித்தேன்.

14-9-46, சனி

விடியக் கிளம்பினேன். பெரம்பலூர் வரை கரி பஸ். இரண்டு இடத்தில் நின்று கரி கிளறினார்கள். சட்டையெல்லாம் புகை. வே.தட்டையில் இறங்க உச்சி வெயில்.

ஹவில்தார் மாணிக்கம் ஆறடி ஆள். மீசையில் எலுமிச்சம்பழம் நிற்கும். என்னைக் கண்டதும் எழுந்து சல்யூட். நம்பரைச் சொன்னதும் கண்ணை மூடினார். "3186-ஆ? ஆரோக்கியசாமி. பஸ்ராவுல காய்ச்சக் கூடாரத்துல போயிட்டான், பாவம்." மோர் கொடுத்தார். இரண்டு நாள் தங்கிப் போகச் சொன்னார். எனக்கு ஏது நேரம்?

15-9-46, ஞாயிறு

பூசைக்கு முன்னாலேயே தங்கச்சி வீட்டில் போட்டு உடைத்துவிட்டேன். மச்சான் பங்குச் சுவாமியாரிடம் ஓடினார். இன்று கோயிலில் வாசிக்க வேண்டிய முதல் கல்யாண ஓலை நின்றது. பெண் பெயர் வரவில்லையே என்று சனமெல்லாம் எங்கள் பக்கமே திரும்பிப் பார்த்தது.

ரோசலி மட்டும் அடங்கவில்லை.

"மாமா, நான் என்ன மெடலையா கட்டிக்கப் போறேன்?"

"திருட்டுக் குடும்பம்டி. ஹவில்தாரே சொல்லிட்டாரு."

"சொன்னாருன்னு நீங்க சொல்றீங்க. கொள்ளிடத்துல மொதலைய மிதிச்சே கொன்னேன்னும் நீங்கதான் சொன்னீங்க."

முதலை விஷயம் வேறு. அதற்கு ஆள் சாட்சி உண்டு. பெண்ணுக்கு வாய் நீளம், அப்பன் வளர்ப்பு. மத்தியானம் சாப்பிடவில்லையாம். ராத்திரி பசித்தால் தின்கிறாள்.

16-9-46, திங்கள்

தூறல்.

தங்கச்சி வீட்டுக்குச் சின்னப்பன் வந்தார். சண்டைக்குத்தான் என்று துண்டை இறுக்கிக் கட்டினேன். மனுஷன் கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"எங்க தாத்தா பேருங்க ஆரோக்கியசாமி. அதத்தான் எனக்கு ஞானஸ்நானத்துல வெச்சாங்க. மாமனாரு பேர எங்கம்மா எப்புடிங்க வாயால சொல்லும்? சின்னப்பான்னு கூப்புட்டுச்சு. ஊரும் அப்புடியே கூப்புட்டுச்சு. பட்டாளத்துல கோயில் சீட்டப் பாத்து எழுதுனாங்க."

சவரியம்மாள் உடனே தலையை ஆட்டுகிறாள். அவள் மாமனார் பெயரை இதுவரை சொன்னதில்லை, அதனால் அவளுக்குப் புரிந்துவிட்டதாம். விடுவேனா? "ஆரோக்கியசாமி செத்துட்டான்னு வேப்பந்தட்டை ஹவில்தார் மாணிக்கம் சொல்றாரே!" என்றேன்.

வெட்கப்படுவார் என்று பார்த்தால், எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாணிக்கத்தண்ணன் உசுரோட இருக்காரா? கூடாரத்துல கெடந்தவன் நான்தாங்க. என்னை ஆஸ்பத்திரிக் கப்பல்ல ஏத்துனாங்க. எங்க ஆளுங்க அதுக்குள்ள அடுத்த மொகாமுக்குப் போயிட்டாங்க. நான் செத்துட்டேன்னே இத்தினி வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்காரா! தன் சோத்துல பாதி எனக்குக் குடுத்த மனுஷங்க."

அழுகிறார், சிரிக்கிறார். பட்டாளத்துக்காரனாம்! ரோசலி கதவோரம் நின்று என்னையே பார்த்தாள்.

"நாளைக்கே போவோம். சம்பந்தி, நீங்கதான் அவரு வூட்டக் காட்டணும். அவரே பாத்துச் சொல்லட்டும், அப்பறம் ஓலை வாசிக்கலாம்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

17-9-46, செவ்வாய்

பெரம்பலூர். வே.தட்டை பஸ் இன்னும் வரவில்லை. புளியமரத்தடியில் எழுதுகிறேன். எதிரே சின்னப்பன், புதுச் சட்டை, மெடல். மடியில் ஒரு சீப்பு பூவன் பழம். ஹவில்தாருக்கு என்று சவரியம்மாள் முறுக்கு வேறு கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அறிவு கெட்டவள்.

"என்னைய அடையாளம் தெரியுமா அவருக்கு?" நான்காம் தடவை கேட்கிறார்.

"தெரியும், தெரியும்."

"கண்ணு நல்லா இருக்குல்ல?"

மனுஷனா, சின்னப்பிள்ளையா இவர்? வாயைத் திறக்க விட்டால்தானே நான் ஏதாவது சொல்ல முடியும். பஸ் ஹாரன் கேட்கிறது. ஏறுவதற்குள் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை அந்த வீட்டு வாசலில் ஒரு பெண்பிள்ளை முறத்தோடு நின்றாள். "அவரா? பங்குனியிலயே போயிச் சேந்துட்டாருங்களே" என்றாள். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். மீசை, சல்யூட், மோர் எல்லாம் பஸ்ஸில் வரும்போது நான் கட்டினது. மாணிக்கத்தை நான் பார்க்கவே இல்லை.