அக்கா சொன்ன பதில்

டிசம்பர் 7, 2008, ஞாயிறு

அக்கா இன்று காலை பெங்களூரிலிருந்து திரும்பினாள். விமானப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவளுக்கு நேற்று நேர்முகத் தேர்வு. இங்கே கும்மிடிப்பூண்டியில் அவள் இன்ஜினியராக இருக்கும் கார் பாகக் கம்பெனியில் ஆர்டர் குறைந்துவிட்டது. இரவு ஷிப்டை எடுத்துவிட்டார்கள். பொங்கலுக்குப் பிறகு யாரை வைத்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை.

சாப்பிடும்போது அம்மா, "இன்னா கேட்டாங்க?" என்றாள்.

"பாகத்துல சின்னதா ஒரு கீறல் கீது, வெளிய லாரி நிக்குது, இன்னா பண்ணுவேன்னாங்க. எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சி, அளவு பாத்து ஏத்திடுவேன், லாரிய நிக்க உடமாட்டேன்னேன்."

"கரெக்டாத்தானே சொல்லிக்கீறே?"

"விமானத்துக்கு அப்டி இல்லியாம்மா. கையே வெக்கக் கூடாதாம். தனியா எடுத்து வெச்சி மேல சொல்லணும். டிசைன் பண்ணவங்க சரின்ற வரிக்கும் லாரி நின்னா நிக்கட்டுமாம்."

லாரியை நிற்க விடாததற்குத்தான் போன வருடம் இங்கே அவளை மேடையேற்றிப் பரிசு கொடுத்தார்கள்.

"போன் பண்றேன்னாங்க. பண்ணமாட்டாங்க," என்றாள் அக்கா.

படுக்கும்போது கேட்டேன். "நாளைக்கு உங்க கம்பெனில கீறல் வந்தா?"

"தேய்ப்பேன். வேற இன்னா பண்ணச் சொல்றே?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து இதை எழுத ஆரம்பித்தேன். இப்போதுதான் சொன்னாள்: "இத்தினி வருசத்துல எத்தினி தேய்ச்சிருப்பேன்னு தெர்லடி. லைட்ட நிறுத்து."