டிரைவ் பிழைத்த பகல்

இன்று காலை ஒருவருடைய கணினியைத் திறந்தேனடி. கோப்புகளைச் சேமிக்கப் புதிதாகப் போட்ட என்விஎம்இ டிரைவ், விளையாட உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் வேகம் செத்துப்போகிறது என்று கொண்டுவந்து வைத்தார். டிரைவின் மேல் சூட்டை இழுக்கும் உலோகத் தகடு ஒழுங்காகத்தான் இருந்தது. திருகாணியைக் கழற்றித் தகட்டைத் தூக்கினால், அடியில் சூட்டைக் கடத்தும் மெத்தைப் பட்டையின் நீல நிற பிளாஸ்டிக் தாளை யாரும் உரிக்கவே இல்லை. வெந்த பிளாஸ்டிக்கின் வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. நீ இருந்திருந்தால், "இன்னொரு ஆளு சட்டையோட குளிச்சிருக்காரு லா" என்று சிரித்திருப்பாய்.

தாளை உரித்துத் தகட்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஆனால் அந்தச் சூட்டு வாசம் என்னை நேராக அந்தப் பகலுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அன்று நடந்ததில் பாதியை நீ பார்க்கவில்லை. மீதியை உனக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நஸ்ரீனை உனக்கு ஞாபகம் இருக்கும். செர்டாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாயின் மகள். கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆண்டு வேலை முழுவதும் அந்த ஒரே கணினியில். பாக்கார் ஆராங்கில் நாம் இருவரும் நடத்திய கம்ப்யூட்டர் ரிப்பேர் மாடிக் கடைக்கு அதைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். படியேறிய மூச்சிரைப்பு அடங்கும் முன்பே அழுகை வந்துவிட்டது.

"வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்போது அப்படியே நின்னுடுது ஆண்டி. திரும்பத் திறந்தா டிரைவே இல்லைங்குது. கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வச்சா வருது. வேற கடையில விண்டோஸ் கெட்டுப்போச்சு, அழிச்சிட்டுப் புதுசாப் போடணும்னாங்க."

"அழிச்சுட்டாங்களா?" என்று நீ எழுந்தே விட்டாய்.

"இல்ல ஆண்டி. பயந்துட்டு எடுத்துட்டு வந்துட்டேன்."

நீ கணினியை ஓடவிட்டாய். அது நின்றுபோனதும் மறுபடி திறந்து நேராக, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரைக்குள் போனாய். டிரைவ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. "அந்தக் கடைக்காரன் விண்டோஸ் மேல பழி போட்டானா? விண்டோஸ் இன்னும் எழுந்திரிக்கவே இல்ல, அதுக்கு முன்னாடியே இங்க டிரைவைக் காணோம். அப்ப கோளாறு டிரைவுல இருக்கணும், இல்ல அது உக்காந்திருக்கிற இடத்துல இருக்கணும்" என்றாய்.

பழைய ஹார்டு டிஸ்க் என்றால் சாகும் முன் டக் டக் என்று தட்டிக் காட்டும். இந்தச் சூயிங்கம் பட்டை அளவுள்ள சாமான் எந்தச் சத்தமும் போடாது. நஸ்ரீனுடையது மதர்போர்டில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே, தகடு எதுவும் இல்லாமல் கிடந்தது. கார்டு விடும் அனல் எல்லாம் அதன் தலையில். கழற்றும்போது விரல் சுட்டுக் கையை உதறினாய்.

அதைக் கடையின் சொந்தக் கணினியில், கார்டிலிருந்து தள்ளியிருந்த இடத்தில் செருகினோம். மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்துக் காற்றை அதன்மேல் திருப்பினாய். டிரைவ் வந்தது. கொஞ்சம் நகலெடுத்தது. மறைந்தது. எனக்கு ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும் போலிருந்தது. பயாஸ் பதிப்பைப் பார்க்கலாமா, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் அமைப்பை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். "முதல்ல சாமானை வெளிய தூக்குவோம்டி. வீடு ஏன் எரிஞ்சதுன்னு அப்புறம் கேப்போம்." இரண்டு பேரும் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்ற காலத்திலிருந்தே நீ அப்படித்தான். நான் காரணம் தேடுவேன், நீ காரியத்தை முடிப்பாய்.

நஸ்ரீனை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாய். "மொத்தமா இழுக்காதம்மா, அது சூடாயிடும். உயிர் போனாலும் விடமாட்டேன்ங்கிற ஃபோல்டர் எது? அதை முதல்ல எடு. காணாமப் போனா முழுசா ஆஃப் பண்ணிடு. ஆறட்டும். திரும்ப ஆரம்பி. அதுல புதுசா எதையும் எழுதாத." பிறகு என்னிடம், "இவ காலைல இருந்து சாப்பிடலடி. கீழ போயி மீ புங்குஸ் பண்ணிட்டு வரேன்" என்று நூடுல்ஸ் பொட்டலம் வாங்கச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாய்.

இதுவரை உனக்குத் தெரியும்.

மீ கடைக்காரர் பாதிப் படியில் நின்று கத்தினார். "அக்கா! உங்க கூட்டாளி விழுந்துட்டாங்க!" வழுக்கி விழுந்திருப்பாய், எழுந்து உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருப்பாய் என்றுதான் நினைத்தேன். கீழே வந்து பார்த்தால் நீ கடைகளுக்கு முன்னாலிருக்கும் ஐந்தடி நடைபாதையில் சாய்ந்து கிடந்தாய். கண் திறந்திருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது சூடாகத்தான் இருந்தது. அதனால் நம்பிக்கொண்டே போனேன்.

மருத்துவமனையில் அந்த மலாய் டாக்டர் என்னை "காக்", அக்கா என்று கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னபோது கூட எனக்கு விளங்கவில்லை. மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார். கொண்டுவரும்போதே காப்பாற்ற முடியாத நிலை, உயிர் போய்விட்டது என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் வேறு யாரைப் பற்றியோ சொல்கிறார் என்பது போல.

நான் போனில் சொன்னதும் உன் வீட்டுக்காரர் புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டாரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. அப்படியே என் முன்னால் வந்து நின்றார்.

"என்னா சொல்ற நீ? காலைல எங்கிட்ட சண்டை போட்டுட்டுத்தானே போனா? குழம்புல உப்பு இல்லன்னேன், நீயே போட்டுக்கன்னு சொல்லிட்டுப் போனா. நல்லாத்தானே போனா?"

நல்லாத்தான் வந்தா அண்ணே, நல்லாத்தான் இருந்தா என்றேன். அவர் ஹெல்மெட்டோடு சுவரில் சாய்ந்து நின்றார். ஒரு தாதி வந்துதான் அதைக் கழற்றிக் கையில் கொடுத்தாள்.

பதிவுக்கு உன் ஐசி, அடையாள அட்டை, வேண்டும் என்றார்கள். அது கடையில் உன் பையில் இருந்தது. நான் போய் எடுத்து வருகிறேன் என்று கிளம்பினேன். டாக்சியில் ஏறியது ஞாபகம் இல்லை. படியேறியது ஞாபகம் இருக்கிறது. கதவு திறந்தே இருந்தது. நஸ்ரீன் என்ற ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அவள் அங்கேயே இருந்தாள். கடையைத் திறந்துபோட்டுவிட்டு எப்படிப் போவது என்று காவல் இருந்திருக்கிறாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நீ வழுக்கி விழுந்துவிட்டாய், கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவாய் என்றே நினைத்திருக்கிறாள். டிரைவ் மறையும்போதெல்லாம் நீ சொன்னபடி நிறுத்தி, ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறாள். தலைமுடி கலைந்து, முகமெல்லாம் வேர்வை. விசிறிக் காற்று முழுவதும் டிரைவுக்கு, அவளுக்கு ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

"ஆண்டி! எல்லாம் வந்துருச்சு! ஒண்ணு விடாம வந்துருச்சு! அந்த ஆண்டி எங்க? அவங்ககிட்ட காட்டணும்!"

இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்ததடி. உண்மையான சந்தோஷம். போய்விடும் என்று நாம் பயந்த டிரைவ் முழுவதையும் கொடுத்துவிட்டது. நான் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். சிரித்துக்கொண்டே உன்னிடம் சொல்வதற்காக உன் நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அங்கே உன் பை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் சொன்னபோது விளங்காதது அப்போதுதான் விளங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நஸ்ரீனிடம் எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் இங்க சிரிச்சுக்கிட்டு இருந்தேனே ஆண்டி" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு உன் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கி, தன் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் விட்டாள்.

உன்னை எடுத்த அன்று உன் வீட்டுக்கு அவளும் அப்பாவும் வந்தார்கள். பாய் அன்று கடை திறக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டுக் கொடுத்தது அவர்தான். நஸ்ரீன் பிறகு அந்தக் கடைசி ஆண்டு வேலையை ஒப்படைத்துத் தேறிவிட்டாள்.

நான் கடையைத் திரும்பத் திறந்தபோது முதலில் அந்த டிரைவைத்தான் எடுத்தேன். எந்த இடத்தில் செருகினாலும், எவ்வளவு குளிர்வித்தாலும் அது வரவில்லை. பயாஸில் பெயர்கூடக் காட்டவில்லை. உள்ளே இருந்த சிப் சூட்டிலேயே வெந்துபோனதா, பிறக்கும்போதே பழுதா, என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் என்று அப்புறம் கேட்கலாம் என்றாய். கேட்டுப் பார்த்துவிட்டேன். உன் விஷயத்திலும் டாக்டரிடம் கேட்டேன். அவரும் ஏதேதோ சொன்னார். எனக்கு எதுவும் பதிலாகத் தோன்றவில்லை.

கடையை நான் ஒருத்தியே நடத்துகிறேன். "ரெண்டு பொம்பளைங்க கம்ப்யூட்டர் ரிப்பேரா?" என்று முன்பு கேட்டவர்கள், இப்போது "தனியாவா?" என்கிறார்கள். உன்னைப் போல வெடுக்கென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஆமாம் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆனால் யாராவது இனி வரவே வராது என்று அழுதுகொண்டே கொண்டுவந்த டிரைவ் ஒன்று திரையில் வந்து நின்றால், என் தலை தானாக உன் நாற்காலி இருக்கும் இடப்பக்கம் திரும்புகிறது. சொல்வதற்கு வாயும் திறந்துவிடுகிறது. முதலில் அதைப் பார்த்து நானே பயந்தேன். ஆட்கள் இருக்கும்போது வெட்கமாக இருந்தது. இப்போது தடுப்பதில்லை. திரும்பி, "வந்துருச்சுடி" என்று சொல்லிவிட்டுத்தான் நகலெடுக்க ஆரம்பிக்கிறேன்.