எல்லாரும் நிறுத்தியபோது

என் அருமை மாப்ளே பாண்டி,

நீ போன நாளிலிருந்து உன் மேல் எனக்கு ஒரு சந்தேகம். செத்தவன் மேல் என்னடா சந்தேகம் என்று ஊரில் சிரிப்பார்கள். அதனால் வேறு யாரிடமும் போகாமல் உனக்கே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. என் தங்கச்சி செல்வி, உன் பெண்டாட்டி, ஒருவாறு தேறிவிட்டாள். பாலவனத்தத்திலிருந்து தினமும் பஸ் ஏறி அருப்புக்கோட்டை ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். உன் மகள் உன் டிரம்ஸை யாரையும் தொட விடுவதில்லை. மழை பரவாயில்லை, பருத்தி பிழைத்துக்கொண்டது. நம் இன்னிசைக் குழுவில் உன் இடத்துக்கு ஒருவன் வந்திருக்கிறான். அடிக்கிறான், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் காரியத்தன்று மதுரையிலிருந்து மூன்று பேர் மாலையோடு வந்து நின்றார்கள். யார் என்று கேட்டேன். "நாங்க ஜாஸ் வாசிக்கிறவங்க. பாண்டிதான் எங்க டிரம்மர்" என்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோயில் பொங்கல், கல்யாண வீடு, எந்த மேடையானாலும் என் இடது கைப்பக்கம் உட்கார்ந்து அடித்தவன் நீ. உன் கால் மிதிக்கிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் என் பேஸ் கிட்டார் நடக்கும். சனிக்கிழமைதோறும் மதுரைக்கு லோடு இறக்கப் போவதாக என்னிடம் சொன்னாயே, அதெல்லாம் பொய்யா?

செல்வியைப் பிடித்துக் கேட்டேன்.

"எனக்குத் தெரியும்ணே. ஒன்கிட்ட சொல்லவேணாம்னு அவுகதான் சொன்னாக."

"ஏன் சொல்லக் கூடாதாம்?"

"நீ எதையாவது நெனைச்சுக்கிருவேன்னாக. வேற எனக்கு என்ன தெரியும்?"

நினைக்காமல் என்ன செய்வது? இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து என் வாசிப்பைக் கேட்டவன் நீ. இவன் ஊர் மேடைக்குத்தான் லாயக்கு, நல்ல இடத்துக்குக் கூட்டிப்போனால் மானம் போகும் என்று முடிவு கட்டிவிட்டாயோ? ராத்திரி பகலாக என்னை அரித்தது இது ஒன்றுதான். கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே மனசு வரவில்லை.

மார்கழி பிறந்ததும் அந்த மூவரில் ஒருவரான ஸ்டீபன் சார் போன் செய்தார். பியானோ வாசிப்பவர், குழுவுக்குத் தலைவர். அவர்களுடைய பேஸ்காரர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டாராம். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் கிறிஸ்துமஸ் விருந்து, வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், நீங்கள் வாசிக்க வேண்டும் என்றார். மதுரையில் ஆளா இல்லை? இதில் என்னவோ இருக்கிறது என்று தோன்றியது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். நீ மறைத்து வைத்ததைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான்.

பாட்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நம் மேடையில் நான் நாலு இடத்தில் தட்டிவிட்டு நின்றால் போதும். ஜாஸில் பேஸ் நிற்கவே கூடாது, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். விரலில் தோல் உரிகிற வரை பழகினேன். ஆனால் ஒத்திகையில் பாட்டின் ஆரம்பத்தையும் முடிவையும் மட்டும் வாசித்துவிட்டு, போதும் என்றார்கள். நடுவில் என்ன சார் என்று கேட்டேன். "அதெல்லாம் மேடையில பாத்துக்கலாம்" என்று சாக்ஸபோன்காரரைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை.

விருந்து மில் வளாகத்துப் புல்வெளியில். எல்லாருக்கும் சிவப்புக் குல்லா கொடுத்தார்கள். மற்றவர்கள் போடுகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நான் போட்டேன். முதல் பாட்டு நன்றாகத்தான் போனது. நடுவில் திடீரென்று பியானோ நின்றது, சாக்ஸபோன் நின்றது, திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த புது டிரம்மரும் கையை எடுத்துவிட்டார். நானும் நின்றுவிட்டேன். கரண்டு போய்விட்டதா என்று ஆம்ப்ளிஃபயர் விளக்கைப் பார்த்தேன், எரிந்துகொண்டிருந்தது. எதிரே அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். ஸ்டீபன் சார் எப்படியோ சமாளித்துப் பாட்டை எடுத்தார்.

அடுத்த பாட்டிலும் அதே இடம், மறுபடி எல்லாரும் நிறுத்தினார்கள். பேசி வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள் என்று உறுதியாகிவிட்டது. மானத்தை வாங்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்த ஆத்திரத்தில், நீங்க நிறுத்துனா நானும் நிறுத்தணுமா என்று வாசிக்க ஆரம்பித்தேன். உன் கால் மிதிப்பு காதுக்குள் கேட்டது மாப்ளே. அதன் மேலேயே ஏறி நடந்தேன். தந்தி அறுந்தாலும் அறுந்து போகட்டும் என்று இழுத்தேன். முடித்ததும் கைதட்டினார்கள். யாருக்குத் தட்டுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன், மில் சுவர்தான் இருந்தது.

சாப்பாட்டின்போது ஸ்டீபன் சாரை மடக்கினேன். "எதுக்கு சார் அம்புட்டுப் பேரு முன்னாடியும் என்னைய ஒத்தையில விட்டீக?"

அவர் பிரியாணித் தட்டோடு விழித்தார். "அது பேஸோட முறைங்க. நாங்க நிறுத்துனா உங்களக் கேக்கப் போறோம்னு அர்த்தம். முன்கூட்டிச் சொல்லக் கூடாதுன்னு பாண்டிதான் சொல்லி வச்சிருந்தாரு."

"பாண்டியா?"

"ஆமா. எடம் காலியானா எங்க மச்சானத்தான் கூப்பிடணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. பேஸுக்கு வேற ஆள் இருக்கும்போதே, தான் இங்க வாசிக்கிற சேதியச் சொன்னா, என்னைய ஏன் சேக்கலன்னு மொகத்தத் திருப்பிக்கிருவாருன்னாரு. தனியா வாசிக்கணும்னு சொன்னா வரவே மாட்டாராம். 'சொல்லாம நிறுத்துங்க சார். அவன் வாசிக்கிறத அவன் இன்னும் கேட்டதே இல்ல'ன்னாரு."

ஆறுதலுக்கு அளக்கிறார் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவர் விடவில்லை. "இன்னொண்ணும் சொன்னாரு. மூஞ்சியப் பாத்துப் பயந்துறாதீக, வரப்புத் தகராறுக்கு வந்தவன் மாதிரிதான் நிப்பான், கை நல்ல கைன்னாரு."

அந்த வார்த்தையை உன்னைத் தவிர எவன் சொல்வான்? மேடை ஏறும்போதெல்லாம், "வரப்புத் தகராறுக்கு வந்தவன் மாதிரி நிக்காத மச்சான், கொஞ்சம் சிரி" என்பாயே. தட்டைக் கீழே வைத்துவிட்டேன். குல்லாவைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் புல்வெளியில் பச்சைப் பிள்ளை மாதிரி அழுதேன். காரியத்தன்று கூட நான் அப்படி அழவில்லை. அன்று உன் மேல் கோபமாக இருந்தேன்.

கை நல்ல கை என்று என்னிடமே ஒருதரம் சொல்லியிருந்தால் என்ன? சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா? என்ன காரியத்துக்காக இப்படிச் சொல்கிறான் என்றுதான் யோசித்திருப்பேன், இல்லையா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற சனிக்கிழமையிலிருந்து மதுரைக்கு நான் போகிறேன். லோடு இறக்க என்று பொய் சொல்ல மாட்டேன். செல்வியிடமும் உன் மகளிடமும் சொல்லிவிட்டே பஸ் ஏறுவேன். கேட்க வருகிறேன் என்றால் பிள்ளையையும் கூட்டிப்போவேன். அங்கே எல்லாரும் நிறுத்தும்போது நான் நிறுத்த மாட்டேன் மாப்ளே. நீ கேட்டுக்கொண்டிருப்பாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உன் செல்விக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
கருப்பையா