சந்தையில் அவளுக்கு வேறு வீட்டுக்காரர்

ஜனவரி 9, வியாழன்

முழங்கால் வலி குறையவில்லை. எனக்கு எழுதப் படிக்க வராது. பேசினால் போனே எழுதிக்கொள்கிறது. மருமகள் ஷண்முகப்ரியா செய்து கொடுத்த ஏற்பாடு.

தி.நகர் கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். அடையாற்றில் பழைய மதராஸ் சந்தை நடத்துகிறார்களாம். நூறு வருஷத்துக்கு முந்தின உடுப்பு, அந்தக் காலத்துப் பேச்சு, அதே மாதிரி வியாபாரம். எங்கள் பாத்திரக்கடைக்கும் ஒரு இடம் உண்டு. வயசான புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து விற்க வேண்டுமாம்.

"வேஷம் கட்ட நான் என்ன கூத்தாடியா வே?" என்றேன்.

"நான் வாரேன்" என்றாள் என் பெண்டாட்டி பேச்சியம்மாள். என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

எனக்குப் பதிலாக ஆள் பிடித்துவிட்டார்கள். மயிலாப்பூர் வெங்கடரமணன். சபா நாடகங்களில் நடித்தவராம். என்னைவிட உயரம். பல் எல்லாம் சொந்தப் பல்.

ஜனவரி 24, வெள்ளி

சந்தைக்காரர்கள் மைதானத்தை ஒட்டியே கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். அவளைத் தனியாக விட முடியுமா? நானும் வந்துவிட்டேன். வந்த பிறகுதான் தெரிகிறது, பெண்களுக்குத் தனிக் கூடாரம். என் கூடாரத்தில் யார்? அதே வெங்கடரமணன்!

கொசுக் களிம்பை நீட்டினார். "தேய்ச்சுக்கோங்கோ, ஆத்தங்கரைக் கொசு பொல்லாதது." அப்புறம் கேட்டார்: "உங்க ஊர்ல ஆம்படையாளை எப்படிக் கூப்பிடுவேள்?"

"ஏளா-ன்னு" என்றேன். எதற்குச் சொன்னேன்?

நல்ல மனுஷன். அதுதான் பொறுக்க முடியவில்லை.

ஜனவரி 25, சனி

அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள், நீங்களும் சொல்லாதீர்கள் என்று சந்தையில் எல்லாருக்கும் பாடம் எடுத்தார்கள். பேச்சியம்மாளுக்கா பாடம்? எழுபத்திநாலு வைகாசி, சாத்தான்குளத்தில் கல்யாணமான மறுநாள், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "ஏங்க" என்றாள். கையில் மோர்ச் செம்பு. அன்றிலிருந்து அதுதான் எனக்குப் பேர். ரேஷன் ஆபீசில் வீட்டுக்காரர் பேர் கேட்டபோது தாலியைத் தொட்டு "இது பாதி" என்றாள். "மீதி, சீட்டுக்கட்டுல ராணிக்கு வீட்டுக்காரர்." குமாஸ்தா சிரித்துக்கொண்டே பொன்ராஜ் என்று எழுதினான்.

இன்று சந்தை கூடியதும், "ஏங்க, இந்த வெங்கலக் கும்பாவுக்கு ஒரு வில சொல்லுங்க" என்று குரல். அவள் குரல். நான் எழுந்தே விட்டேன்.

"வந்துட்டேன் ஏளா" என்று அவர் போய் நிற்கிறார்! என் "ஏளா"!

கூட்டம் கைதட்டியது. "செம ஜோடில்ல?" என்றது ஒரு பெண். பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னிடம் கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள்? ஞாபகம் இருக்கிறது. அதைச் சொல்லமாட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் போனைக் கூடாரத்திலேயே போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். சந்தை கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சு. வீட்டுக்கே போய்விடலாம் என்று பஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். தேடமாட்டாள். அவளுக்குத்தான் பக்கத்தில் ஆள் இருக்கிறதே.

மைக் கரகரத்தது. "பெரியவர் ஒருத்தர காணோம். இன்னா ஆயா, அவுரு பேரு இன்னா?"

பதிலுக்கு வளையல் சத்தம்தான் வந்தது.

"இன்னா, புருஷன் பேரே தெரியாதா உனக்கு?" கூட்டம் சிரித்தது.

"நான் சொல்றேன் மாமி" — வெங்கடரமணன் குரல்.

"நீங்க சும்மா இருங்க." அவளேதான்.

மைக்கை அவள் கையில் வாங்குகிற சத்தம். பிறகு —

"பொன்ராஜ்... எங்க இருக்கீக? சாப்பிடாம எங்க போனீக?"

டீயைப் பெஞ்சில் வைத்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். இன்னொரு தடவை சொல்லட்டுமே.

பிப்ரவரி 3, திங்கள்

வீட்டில் பழையபடி "ஏங்க" தான். "ஏளா, மைக்குல சொன்னத இன்னொருக்கா சொல்லேன்" என்றேன்.

"நான் என்ன சொன்னேன்?" என்று கீரையோடு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருஷச் சந்தைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை புருஷன் வேஷத்தை நானே கட்டலாமாம். வேண்டாம், வெங்கடரமணனே உட்காரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு அந்த டீக்கடை பெஞ்சு போதும். மைக் அங்கே நன்றாகக் கேட்கிறது.